பிள்ளைகளோடு கிராமத்துச் சாலையில் போகும்போது

எனக்கு ஐந்தோ ஆறோ வயது இருக்கும், ஓடுகிற வண்டியின் ஜன்னல் வழியாக ஒரு மிட்டாய்த் தாளைப் பறக்கவிட்டேன். அப்பா திட்டவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடந்தார், வேலியோரப் புதரில் அந்தத் தாள் அகப்படும் வரைக்கும். அன்றைக்கு எந்த ஊருக்குப் போனோம் என்பது மறந்துவிட்டது. செருப்புக்குள் புகுந்த சூடான மண்ணும், வேலிமேல் அசையாமல் உட்கார்ந்திருந்த ஓணானும் மறக்கவில்லை.

பிள்ளைகள் மனதில் தங்குவது இப்படி நின்று, நடந்து பார்த்ததுதான். அதனால் கிராமத்துச் சாலையில் போவதென்றால் முதல் வேலை, நேரத்தைத் தாராளமாக ஒதுக்குவது. நெடுஞ்சாலையில் 2 மணி நேரம் ஆகிற தூரம் என்றால் உள்சாலையில் 4 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போனால், "அது என்ன?" என்று பிள்ளை கேட்டு முடிப்பதற்குள் அது பின்னால் போய்விடும்.

கிளம்பும் முன் டயர் ஆறியிருக்கும்போதே காற்றைச் சரிபாருங்கள், குறைந்த காற்றோடு ஓட்டினால் எரிபொருள் வீணாகும். கூரைமேல் வெறும் கேரியர் இருந்தால் கழற்றி வையுங்கள். திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய பாட்டில்களில் தண்ணீர், அப்புறம் வாய் கட்டக்கூடிய கெட்டியான குப்பைப் பை ஒன்று. அந்தப் பையைப் பிள்ளைக்குக் கை எட்டுகிற இடத்தில் மாட்டி, பொறுப்பையும் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்லிக் கேட்பதைவிட, "அப்பா, அதை இங்கே போடுங்க" என்று அவர்கள் உங்களிடம் சொல்வது நன்றாக வேலை செய்யும்.

மண் சாலை வந்தால் மெதுவாகப் போங்கள், நாம் கிளப்பும் புழுதி நடந்து போகிறவர் முகத்திலும் பயிர் இலையிலும்தான் படிகிறது. மாடோ ஆடோ குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காமல் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். காட்டோரத்தில் ஒரு மான் கடந்துவிட்டதே என்று உடனே வண்டியை எடுத்துவிடாதீர்கள், பின்னாலேயே இன்னொன்று வரலாம். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் இன்னும் கவனம் வேண்டும்.

நிறுத்தும் இடத்தில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. காய்ந்த புல்மேல் நிறுத்தவே கூடாது. வண்டிக்கு அடியில் இருக்கும் புகைக்குழாய்ப் பகுதி பல நூறு டிகிரி செல்சியஸ் வரை சூடாகும், புல் பற்றிக்கொள்ள அது போதும். பழத்தோல் மக்கிவிடும்தானே என்று வீசுகிறவர்கள் நிறையப் பேர், ஆனால் அது மக்குவதற்கு முன்பே வாசனைக்கு எலி வரும், எலியைப் பிடிக்க ஆந்தை தாழப் பறந்து வரும், அடுத்து வருகிற வண்டியில் அடிபடும். தோலும் பைக்குள்தான் போக வேண்டும்.

ஓடையில் இறங்கிக் கால் நனைக்கட்டும், விளையாடட்டும். சோப்பு மட்டும் வேண்டாம், செடியிலிருந்து செய்த சோப்பாக இருந்தாலும்கூட. கழுவ வேண்டியதிருந்தால் வாளியில் மொண்டு, கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய்க் கழுவி மண்ணில் ஊற்றுங்கள். வழியில் கழிப்பறை இல்லாமல் ஒதுங்க நேர்ந்தாலும் அதே தூரம்தான். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மண்ணால் மூடிவிடுங்கள். ஈர டிஷ்யூவில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை இருக்கும், அதைப் புதைக்காமல் கட்டி எடுத்து வந்துவிடுங்கள்.

கல்லைப் புரட்டிப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை, தடுக்காதீர்கள். பார்த்த பிறகு எப்படி இருந்ததோ அப்படியே மெதுவாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், அடியில் இருக்கிற பூச்சிக்கு அதுதான் கூரை. கூட்டை மட்டும் தொடாமல் தள்ளி நின்று பார்க்கட்டும்.

போனில் படம் எடுப்பது சரி, அதைவிட ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள். வந்த வழியை அவர்களே வரையட்டும், வளைவு, பெரிய மரம், கிணறு, மாடு மறித்த இடம் எல்லாம் சேர்த்து. அளவு தப்பாக இருந்தால் திருத்தாதீர்கள். தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருடம் அதே சாலையில் போகும்போது அதைக் கையில் கொடுத்தால் போதும், எந்த மரம் இருக்கிறது, எது இல்லை என்று அவர்களே சொல்லிக்கொண்டு வருவார்கள்.