பேஸ்பால் படமெடுக்க எந்த அபெர்ச்சர்?

பேஸ்பாலில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை, ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்ளலாம். பந்து எங்கே பறக்கும் என்று தெரியாதுதான், ஆனால் ஆள் எங்கே நிற்பார், எந்த இடத்தை நோக்கி ஓடி வருவார் என்பது தெரியும். பந்தெறியும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம், ஓடுபவர் தொட வேண்டிய ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. சிறுவர்கள் ஆடும் வழக்கமான லிட்டில் லீக் மைதானத்தில் அதுவே 46 அடி, 60 அடி.

எஃப் 2.8 (அபெர்ச்சரைக் குறிக்கும் எண்) வரை திறக்கும் லென்ஸ் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். வெளிச்சத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பள்ளி மைதானங்களில் பேட்டருக்குப் பின்னால் கம்பி வேலி, வரிசையாக நிற்கும் கார்கள், மடக்கு நாற்காலிகள் என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும், எஃப் 8 வைத்தால் அத்தனையும் அவர் தலையிலிருந்து முளைத்த மாதிரி தெளிவாக விழும். எண் சிறிதாகச் சிறிதாகத் துளை பெரிதாகும், பின்னணி கரையும். உச்சி வெயிலில் 2.8 வைத்தால் படம் வெளுத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், ஐ.எஸ்.ஓ (கேமராவின் ஒளியுணர் அளவு) 100-இல் ஷட்டர் 1/3200 நொடி பக்கம் வந்து நிற்கும், பேட்டில் பந்து படுகிற கணத்தைப் பிடிக்க அந்த வேகம்தான் வேண்டும்.

ஆனால் லென்ஸ் நீளமாக ஆக இதே 2.8 காலை வாரும். முழு ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 200 மி.மீ. லென்ஸோடு 20 மீட்டர் தள்ளி நின்றால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஒன்றரை மீட்டருக்கு மேல், ஒரு பேட்டருக்கு அது தாராளம். 400 மி.மீ. லென்ஸில் 25 மீட்டரிலிருந்து எடுத்தால் முக்கால் மீட்டர்கூடக் கிடைக்காது, முகம் கூர்மையாக இருக்கும், பேட்டின் நுனி மங்கிப் போயிருக்கும். அங்கே எஃப் 4 வையுங்கள். அப்புறம், வலது கை பேட்டரின் முகம் வேண்டுமென்றால் முதல் பேஸ் பக்கம் போய் நில்லுங்கள், எந்த அபெர்ச்சரும் முதுகை முகமாக்காது.

நான் ரொம்ப நேரம் யோசிப்பது இரண்டாவது பேஸுக்குத்தான். ஓடி வருபவர் புழுதி பறக்கச் சறுக்குகிறார், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே ஆடும் ஷார்ட்ஸ்டாப் அவருக்கு மேலே எம்பிப் பந்தை முதல் பேஸுக்கு எறிகிறார், இரண்டு முகமும் வேண்டும், இருவரும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பது அபூர்வம். 300 மி.மீ. லென்ஸ், ஏறக்குறைய 27 மீட்டர் தூரம் என்றால் எஃப் 2.8-இல் ஒன்றே கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும், எஃப் 4-இல் இரண்டு மீட்டரை நெருங்கும். நான் 4-தான் வைப்பேன், வெயில் இருந்தால் 5.6. ஹோம் பிளேட்டில் பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சரும் ஓடி வருபவரும் மோதும் கட்டத்துக்கும் இதே கணக்குதான்.

வேலிக்கு வெளியே நின்றுதான் எடுக்க வேண்டியிருக்கிறதா? லென்ஸை வேலியோடு ஒட்டி, வெயில் படாத கம்பிகளாகப் பார்த்து வைத்து, எஃப் 2.8 அல்லது 4-இல் எடுங்கள், கம்பி காணாமல் போய்விடும். ஓரடி இரண்டடி பின்னால் நகர்ந்தாலே படத்தின் மேல் சாம்பல் நிறத் திரை விழ ஆரம்பிக்கும், எஃப் 8-க்குப் போனால் கம்பியே தெரியும். குழுப் படம், மைதானம் முழுக்கத் தெரியும் படம் இவற்றுக்கு மட்டும் எஃப் 8 சரி.

பலரிடமும் இருப்பது 70-300 மி.மீ., எஃப் 4-5.6 லென்ஸ். 300-க்குப் போனால் 5.6-க்கு மேல் அது திறக்காது, பகலில் அதனால் பெரிய நஷ்டமில்லை. பொழுது சாய்ந்து விளக்குகள் எரியும்போதுதான் கஷ்டம், 2.8-க்கு ஐ.எஸ்.ஓ 3200 போதுமான இடத்தில் 5.6-க்கு 12800 வேண்டும். அந்த நேரத்தில் ஷட்டர் வேகம் 1/1000-ஐப் பிடித்துத் தொங்காமல் 1/500-க்கு இறங்குங்கள், பிட்சர் காலை மடக்கித் தூக்கி ஒரு கணம் அசையாமல் நிற்பது, பேட்டர் பந்துக்காகக் காத்திருப்பது போன்ற தருணங்களைத் தேடுங்கள். 200-க்குக் குறைத்துப் பின்னால் கத்தரித்துக்கொள்வதும் சில லென்ஸ்களில் உதவும், துளை அங்கே இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும்.