உதிர்ந்த சன்னல் ஓரத்தை நீங்களே பூசுவது எப்படி?

சன்னல் அல்லது கதவைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்திருந்தால், கரணையை எடுக்கும் முன் திறப்பின் மேல் மூலைகளைக் கூர்ந்து பாருங்கள். அங்கிருந்து சாய்வாக ஓடும் அகலமான விரிசல் தெரிந்தால், கோளாறு திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் லிண்டலிலோ அடித்தளத்திலோ இருக்கக்கூடும் என்பதால், பொறியாளரிடம் காட்டாமல் கைவைக்காதீர்கள்.

விரிசல் இல்லையெனில், கண்ணாடியும் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சுத்தியலால் ஓரம் முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். பொள்ளல் சத்தம் வரும் இடமெல்லாம் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள். சத்தம் கெட்டியாகும் வரை உளியால் கொத்தி எடுத்துவிட வேண்டும். புதியவர்கள் கஞ்சத்தனம் காட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தூசியைத் துலக்கிவிட்டு நீர் தெளியுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதற்காகச் சொட்டச் சொட்ட நனைப்பதும் தவறே.

பிறகு, நேரான மரச்சட்டம் ஒன்றைச் சுவரின் ஒரு முகத்தில் பொருத்தி, மறுமுகத்தில் வரவேண்டிய பூச்சின் தடிமன் அளவுக்கு அது ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்குமாறு வைத்து, தூக்குக்குண்டால் செங்குத்தைச் சரிபாருங்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு 4 பங்கு சலித்த மணல் சேர்த்த கலவையைச் சட்டத்தோடு ஒட்டி அழுத்தி நிரப்புங்கள். தடிமன் 15 மி.மீ.க்கு மேல் போகுமானால், முதல் பூச்சில் கரணையால் கீறல் போட்டு, மறுநாள் இரண்டாவது பூச்சைப் பூசுவது நல்லது. கலவை சற்று இறுகியதும் சட்டத்தை வெடுக்கென்று பிடுங்காமல், ஓரத்தின் நீளவாக்கில் நழுவவிட்டு எடுத்தால் முனை உடையாது.

7 நாள் நீர் தெளித்து, நன்றாகக் காய்ந்தபின் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமரும் வண்ணமும் அடிக்கலாம்.