கம்பெனியிலிருந்து உங்கள் விவரம் கசிந்துவிட்டதா? செய்ய வேண்டியவை

பாம்பனில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு போன் வந்தது. நகை அடகு வைத்த கம்பெனி, கடன் எண், ஆதாரின் கடைசி நான்கு எண்கள் என எல்லாம் சரியாகச் சொல்லி, நிவாரணப் பணம் ஏற்ற வேண்டும் என்று ஓடிபி கேட்டார்கள். நம்பிச் சொல்லிவிட்டார். வெட்கத்தில் நான்கு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. முதல் நாள் போனதைவிட அடுத்தடுத்த நாட்களில் போன பணம்தான் அதிகம். கம்பெனியிலிருந்தே விவரம் கசிந்த செய்தி அப்புறம்தான் வந்தது.

பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அன்றே வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஓடிபி சொல்லியிருந்தாலும், புகாருக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அந்த அக்கா முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் தப்பியிருக்கும். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை.

அடுத்து ஆதாரம். எஸ்எம்எஸ் எதையும் அழிக்காதீர்கள். அடகு ரசீது, அழைப்பு வந்த நேரம், கம்பெனி அனுப்பிய கசிவு அறிவிப்பு எல்லாவற்றையும் ஒரே கவரில் வையுங்கள். "என் விவரங்களில் எவை வெளியே போயின, எப்போது?" என்று கேட்டுக் கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியும் வாங்குங்கள்.

இழப்பீட்டுக்கு இரண்டு வழி. ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சேவைக் குறைபாடு என்று 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. வக்கீல் கட்டாயமில்லை. இன்னொன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. கடவுச்சொல், வங்கி விவரம், கைரேகை போன்றவற்றைக் கம்பெனி அலட்சியமாக வைத்திருந்து உங்களுக்கு நஷ்டம் வந்தால், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் 5 கோடி ரூபாய் வரை கேட்கலாம்.

2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி வரை உண்டு. ஆனால் அது அரசுக்குத்தான் போகும், உங்கள் கைக்கு வராது. 2025 நவம்பரில் விதிகள் வந்தபோது, கம்பெனிகளின் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். அந்தச் சட்டம் முழுதாக அமலாகும்போது 43ஏ நீங்கிவிடும். அதனால் அந்த மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

மனு எழுதத் தெரியாதா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் வக்கீல் உதவி இலவசம்.