காட்டுப்பாதைக்குச் செருப்பு காணாது

ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் ரோட்டிலயும் குளக்கட்டிலயும் மோட்டார் சைக்கிள் ஓடுற ஆக்கள் ஹெல்மெட்டுக்கு அடுத்ததாப் பார்க்கவேண்டியது சப்பாத்து. சறுக்கி விழுந்தா வண்டியின்ர பாரம் கணுக்காலிலதான் இறங்கும்.

வாங்கேக்க கையால முறுக்கிப் பாருங்கோ. துணி மாதிரி வளைஞ்சா வேண்டாம். முழங்காலுக்குக் கிட்ட வாற உயரம், கணுக்காலின்ர ரெண்டு பக்கமும் கெட்டித் தகடு, நாடாவுக்குப் பதிலா பக்கிள். நாடா எண்டா பாலை மர வேரிலயும் கொழுவும், கியரிலயும் கொழுவும். உள்ளுக்கு ‘ஈஎன் 13634’ எண்டிருந்தா அது மோட்டார் சைக்கிள் சப்பாத்துக்கான ஐரோப்பியத் தரம். கட்டட வேலைச் சப்பாத்து விரலைக் காக்கும். கணுக்காலுக்கு அதை நம்பாதேங்கோ.

பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கேக்க, தடிச்ச மேஸோட போட்டுப் பாருங்கோ. முன்பக்கம் மொத்தமா இருக்கிறதால கியர் லீவரைக் கொஞ்சம் உயர்த்தவேண்டி வரும்.