பழைய மடிக்கணினிக்கு ரேம் வாங்கும் முன்: எது சேரும், எது சேராது

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் பழைய மடிக்கணினிக்கு ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) தேடினால், பக்கத்துக் கடையில் சரியானது கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. ஈப்போவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஷாப்பி இணையக் கடையில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். தப்பானது வந்துவிட்டால் திருப்பி அனுப்புகிற அலைச்சல் வேறு. ஆகவே வெள்ளியை (பணத்தை) கட்டும் முன்பே எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

முதலில், ரேம் மாற்ற இடம் இருக்கிறதா? விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. ஸ்லாட் என்பது ரேமை மாட்டும் இடம்; ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியில் 1 ஆஃப் 2 என்றிருந்தால் ஓர் இடம் காலி. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. மேக்புக் ஏர் எல்லாமே அப்படித்தான். ஆனால் இந்தக் கணக்கு சில நேரம் பொய் சொல்லும்; பின்மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதே உறுதி. திங்க்பேட் டி420 போன்ற சிலவற்றில் ஒரு ஸ்லாட் பின்மூடிக்குள்ளும் இன்னொன்று கீபோர்டுக்கு அடியிலும் இருக்கும்.

இனி, உள்ளே இருக்கும் ரேமின் லேபிளை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் காட்ட அதைவிட நல்லது வேறில்லை. அதில் ‘4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்’ என்று இருக்கிறது என்று வையுங்கள். டிடிஆர் என்பது ரேமின் வகை, அதன் எண் தலைமுறை: பிசி3 என்றால் டிடிஆர்3, பிசி4 என்றால் டிடிஆர்4. மடிக்கணினி ரேமில் டிடிஆர்3க்கு 204 கால் (தங்க நிறத் தொடுமுனை), டிடிஆர்4க்கு 260 கால். கால்களுக்கு இடையிலுள்ள வெட்டுப்பள்ளமும் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையவே நுழையாது.

ஏமாற்றுவது பிசி3எல் என்பதில் உள்ள அந்த ‘எல்’தான். டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல்லுக்கு 1.35 வோல்ட். வடிவம் ஒன்றே என்பதால் தப்பானதும் அழகாகப் போய் உட்காரும். 2013இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் 1.35 வோல்ட் மட்டுமே கொடுக்கும். அதில் சாதாரண டிடிஆர்3ஐப் போட்டால் பெரும்பாலும் திரை கறுப்பாகவே நிற்கும். டிடிஆர்3எல் 1.5, 1.35 ஆகிய இரண்டிலும் ஓடும். ஆகவே டிடிஆர்3 இயந்திரம் என்று தெரிந்து, எல் வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகம் இருந்தால் எல் உள்ளதையே வாங்குங்கள்.

அடுத்தது சிப்புகளின் எண்ணிக்கை. இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. 8 ஜிபி டிடிஆர்3எல் இரண்டு விதமாக வருகிறது. ‘2ஆர்எக்ஸ்8’ என்பதில் இரு பக்கமும் சேர்த்து 16 சிப். ‘1ஆர்எக்ஸ்8’ என்பதில் 8 சிப்தான், ஒவ்வொன்றும் இரட்டிப்புக் கொள்ளளவு. நான்காம் தலைமுறை வரையிலான இன்டெல் கோர் இயந்திரங்களுக்கு இந்த இரண்டாவது விதம் ஒத்துவராது. விற்பவரிடம் லேபிள் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வேகம் அவ்வளவு தலைவலி இல்லை. லேபிளில் 12800 என்றால் வேகம் 1600, 10600 என்றால் 1333. வேறு வேறு வேகத்தைக் கலந்தால் எல்லாம் மெதுவானதன் வேகத்தில் ஓடும், அவ்வளவே. கணினியின் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பக்கத்தில் 798 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். அதை இரண்டால் பெருக்க வேண்டும். அது 1600 ரேம்தான். 800 என்று நினைத்து முந்தைய தலைமுறையான டிடிஆர்2 வாங்கிவிடாதீர்கள்.

பிராசஸர் ஏற்கும் ரேமுக்கும் ஓர் எல்லை உண்டு. செலரான் என்2840க்கு 8 ஜிபி, ஐ5-2520எம்முக்கு 16 ஜிபி. விண்டோஸ் 32-பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை. பிள்ளைகளின் பாடத்துக்கு 8 ஜிபி தாராளம். இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கே இருந்தால், கையிலுள்ள வெள்ளியை முதலில் அதற்குப் பதிலாக வரும் வேகமான எஸ்எஸ்டிக்குப் போடுங்கள். மாற்றம் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

மாட்டும்போது ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். இரும்புப் பொருள் எதையாவது தொட்டு உடலின் மின்னைக் கழித்துவிட்டு, ரேமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். சுமார் 30 பாகை சாய்வில் தங்கக் கால்கள் மறையும்வரை நுழைத்து, கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கியும் ‘டிக்’ என்று பிடிக்கும். காற்றாடி சுற்றி, திரை கறுப்பாகவே இருந்தால் முக்கால்வாசி நேரம் சரியாக உட்காராததுதான் காரணம். நம் ஊர் ஈரக்காற்றில் பழைய ரேமின் கால்களும் மங்கிவிடும்; வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால், ரேம்களை ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பார்த்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

இயங்கிவிட்டாலும் அன்றிரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம்; திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.