வானுக்கு ஜீபிஎஸ் பூட்டியாச்சா? அடுத்து இதைச் செய்யுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஹயர் வானோ பட்டாவோ (சின்ன லொறி) வைத்திருக்கிறவர்கள் ஜீபிஎஸ் பூட்டுவது பெரும்பாலும் களவுப் பயத்தில்தான். ஆனால் சாரதி எந்த இடத்தில் எவ்வளவு வேகத்தில் போனார் என்பதையும் அதே கருவி நாள் முழுக்கப் பதிந்துகொண்டிருக்கிறது, அதைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

முதலில் சாரதியிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்துப் பூட்டிவிட்டு ஒரு மாதம் கழித்து "அன்றைக்கு 90இல் போனியே" என்று கேட்டால் அவர் வேகத்தைக் குறைக்க மாட்டார், உங்களை நம்புவதைத்தான் விடுவார்.

முதல் இரண்டு கிழமை எச்சரிக்கை ஒலி இல்லாமல் பதிவை மட்டும் எடுங்கள். அப்புறம் எந்த வேகத்தைத் தாண்டினால் கருவி ஒலிக்க வேண்டும் என்று எல்லை வையுங்கள். காருக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்பது சட்டம், லொறிக்கும் ஓட்டோவுக்கும் எல்லை வேறு. ஏ9 வீதி முழுவதற்கும் ஒரே எல்லையாக 70 வைத்தால், சாவகச்சேரிச் சந்தையடியில் 65இல் போனாலும் கருவி பேசாமல் இருக்கும். அதனால் சாவகச்சேரி, கொடிகாமம் போன்ற இடங்களைச் சுற்றி வரைபடத்தில் வட்டம் போட்டு அதற்குள் 50 வையுங்கள்.

பதிவில் ஒருமுறை 120 என்று கண்டதும் பாயாதீர்கள், சிக்னல் குழம்பினால் நிற்கிற வாகனத்துக்கும் வேகம் காட்டும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். திடீர் பிரேக் பதிவுகளையும் விடவேண்டாம், இரவில் றோட்டில் மாடு படுத்திருக்கிற இடங்கள் அதில்தான் தெரியவரும்.

எங்கள் வானில் திங்கட்கிழமை காலைகளில் மட்டும் வேகம் ஏறியது. காரணம் நான்தான்: ஏழு மணிக்குத்தான் சாமான் ஏற்றி முடியும், ஆனால் எட்டுக்கெல்லாம் கிளிநொச்சியில் இறக்கச் சொன்னதும், இடையில் போன் எடுத்து "எங்கே நிக்கிறாய்" என்று கேட்டதும் நான். ஞாயிறு பின்னேரமே ஏற்றி வைக்கத் தொடங்கினோம், ஓடும்போது போன் எடுப்பதையும் விட்டேன், ஒரு வார்த்தை ஏசாமலே வேகம் இறங்கிவிட்டது. உங்கள் பதிவிலும் வேகம் கூடினால் முதலில் நீங்கள் கொடுத்த நேரத்தைப் பாருங்கள்.

கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம் இருந்து கதையுங்கள், கணக்கோடு. 20 கிலோமீற்றரை 60இல் ஓடாமல் 80இல் ஓடினால் மிச்சம் ஐந்து நிமிடம். ஆனால் மாட்டைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கிற ஒரு செக்கனுக்குள் 80இல் வான் 22 மீற்றர் போய்விடும், 60இல் 17, அதற்குப் பிறகு நிற்க எடுக்கும் தூரமும் 80இல் ஒன்றே முக்கால் மடங்கு. இதைச் சொன்னபோதுதான் எங்கள் சாரதி தம்பி பேசாமல் யோசித்தார்.

நீங்களும் அந்த வானை ஓடுகிறவர் என்றால், உங்கள் ஓட்டத்தின் பதிவையும் அவரிடம் காட்டுங்கள்.