உயிருள்ளவை, உயிரற்றவை: சிறு பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் முறை

"உயிருள்ளவை அசையும், உண்ணும், சுவாசிக்கும், வளரும், இனப்பெருக்கம் செய்யும்" என்ற பட்டியலை முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் ஐந்து வயதுக் குழந்தை அதை அழகாக ஒப்பிக்கும். மறுநாள் "மேகத்துக்கு உயிர் இருக்கிறதா?" என்று கேளுங்கள். "இருக்கு, நகருதே" என்று பதில் வரும். செடியைக் காட்டினால் "இல்லை, சும்மா நிக்குது" என்று சொல்லும். சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1920-களிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். சின்ன வயதில் அசைவுதான் உயிரின் அடையாளம். அந்த எண்ணம் தளராதவரை பட்டியல் மண்டையில் ஏறாது. அதனால் பட்டியலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வில் கேட்பது மட்டுமே வேலை. பத்துப் பொருள்கள் போதும்: கல், பந்து, தொட்டிச் செடி, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைக் கார், உலர்ந்த இலை, இறகு, மரக்கட்டை, கிண்ணத்தில் தண்ணீர், ஓடும் கடிகாரம், மூடியில் சிறு துளைகள் இட்ட கண்ணாடிக் குப்பியில் ஓர் எறும்பு. படங்களைப் பயன்படுத்தாதீர்கள். நாயின் படத்தைப் பார்த்து "இது பேப்பர், உயிர் இல்லை" என்று குழந்தை சொன்னால் அது சரியான பதில்தான். ஆனால் உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டே கேள்விகள்: "இதுக்கு உயிர் இருக்கா? உனக்கு எப்படித் தெரியும்?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். திருத்தாமல், முகம் மாறாமல், குழந்தை சொன்ன காரணத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம்.

அடுத்த நாள் காரையும் எறும்பையும் பக்கத்தில் பக்கத்தில் விடுங்கள். இரண்டுக்கும் முன்னால் ஒரு மரக்கட்டையை வையுங்கள். கார் முட்டிக்கொண்டு அங்கேயே சக்கரத்தைச் சுழற்றும். எறும்பு சுற்றிப் போகும், அல்லது மேலே ஏறும். "காருக்குச் சாவி கொடுத்தது யார்? எறும்புக்கு?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். முடிந்ததும் எறும்பைப் பிடித்த இடத்திலேயே குழந்தையின் கையால் விடச் செய்யுங்கள்.

பாடத்தின் கடினமான பகுதி செடி. இதற்கு ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். மூன்று கண்ணாடித் தம்ளர்களின் உட்சுவரை ஒட்டி நனைத்த காகிதக் கைக்குட்டையைச் சுற்றி வையுங்கள். முதல் தம்ளரில் எட்டு மணி நேரம் ஊறிய முழுப் பச்சைப்பயறு பத்து. இரண்டாவதில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்த பயறு பத்து. மூன்றாவதில் அதே அளவுள்ள சிறு கற்கள் பத்து. எல்லாவற்றையும் வெளியிலிருந்து தெரியும்படி காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் செருகுங்கள். காகிதம் காயத் தொடங்கும்போது ஓரிரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டால் போதும்.

ஓரிரு நாளில் முதல் தம்ளரில் வேர் எட்டிப்பார்க்கும். நான்கைந்து நாளில் தண்டு நிமிரும். அளவுகோல் படிக்கத் தெரியாத குழந்தைக்கு, தினமும் தண்டின் உயரத்துக்கு ஒரு காகிதத் துண்டை வெட்டி வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். வளர்ச்சி கண்ணுக்கு நேராகத் தெரியும்.

வேகவைத்த பயறும் உப்பியிருக்கும். இதைக் குழந்தை கவனிக்காவிட்டால் நீங்களே காட்டுங்கள். பஞ்சும்கூடத் தண்ணீரில் உப்பும். உப்புவது வளர்ச்சி ஆகாது. இந்த வேறுபாட்டுக்காகத்தான் இரண்டாவது தம்ளர். அதில் பூஞ்சை தெரிந்த அன்றே கொட்டிவிட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

முளைக்காமல் போனால் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். தம்ளரின் அடியில் தண்ணீர் தேங்கினால் விதைக்குக் காற்று கிடைக்காது. அழுகி நாற்றம் வரும். உடைத்த பருப்பு முளைக்காது. உடைக்கும்போது முளைக்கருவும் சேதமாகிவிடும். மருந்து தடவிச் சாயமேற்றிய விதைப் பயறைக் குழந்தையின் கையில் கொடுக்கவே கூடாது.

தண்டு நிமிர்ந்த பிறகு தம்ளரைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். ஒரு நாளுக்குள் தண்டு மேல்நோக்கி வளைந்துவிடும். செடி சும்மா நிற்கவில்லை, மெதுவாக வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகள் இங்கேதான் நம்பத் தொடங்குகிறார்கள். எந்த விளக்கத்தையும்விட இது நன்றாகப் பதியும்.

இதன் பின் வரும் வகைப்படுத்தலுக்கு இரண்டு பெட்டிகள் போதாது. உலர்ந்த இலை, இறகு, மரக்கட்டை ஆகியவற்றைக் கல்லோடு சேர்த்தால் குழந்தை குழம்பும், அது நியாயமும்கூட. "முன்பு உயிரோடு இருந்தவற்றின் பகுதி" என்று மூன்றாவது பெட்டி வையுங்கள். பருத்தித் துணியும் காகிதமும் அதில்தான் சேரும்.

இப்போது பட்டியலை எடுங்கள், ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல். "கார் பெட்ரோல் குடிக்குதே?" என்று கேட்டால், "குட்டிக் கார் பெரிய காரா வளருமா?" என்று திருப்பிக் கேளுங்கள். மெழுகுவர்த்திச் சுடரை நீங்களே ஏற்றிக் காட்டலாம்: அசைகிறது, மெழுகைத் தீர்க்கிறது, காற்றும் வேண்டும். ஆனால் விதையிலிருந்து செடி வருவதுபோல் உறுப்பு உறுப்பாக அது வளர்வதில்லை. இனப்பெருக்கத்தைத் தனித்தனி உயிருக்கான சோதனையாக வைக்காதீர்கள். கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி போடாது. "எனக்குப் பாப்பா இல்லையே, எனக்கு உயிர் இல்லையா?" என்று ஆறு வயதுக் குழந்தையே கேட்டுவிடும்.

பொம்மைக்கு வலிக்கும் என்று ஒரு குழந்தை சொன்னால் மறுக்க வேண்டாம். "விளையாட்டிலா, நிஜத்திலா?" என்று கேட்டாலே பிரித்துச் சொல்லும். செத்த பூச்சியைப் பார்த்துக் கேட்டால், அது இனி மூச்சு விடாது, சாப்பிடாது, திரும்ப எழாது என்று நேராகச் சொல்லுங்கள். "தூங்குது" என்று சொல்வது இரக்கம்போலத் தோன்றும். ஆனால் அதைக் கேட்ட குழந்தை தூங்கவே பயப்படலாம்.

இரண்டு வாரம் கழித்து, பாடத்தில் வராத பொருள்களை வைத்துச் சோதியுங்கள்: பாசி, காளான், நத்தையின் காலி ஓடு, மின்விசிறி. பதிலைவிடக் காரணத்துக்கு மதிப்பு கொடுங்கள். "நகருது" என்பது மட்டுமே காரணமாக வந்தால் கார், எறும்பு அமர்வை வேறொரு பூச்சியுடன் மீண்டும் நடத்துங்கள். பாசிக்கு உயிர் இல்லை என்று சொன்னால், ஈரம் காயாத நிழலில் அதை வைத்துக் குழந்தையோடு சேர்ந்து சில வாரங்கள் கவனித்து வாருங்கள். பாசி மெதுவாகவே பரவும்.